பேர் இல்லாத பரிசோதனை

நான் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் இரண்டு தடவை என்னைச் சாகடித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை, லிந்துலை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த என்னிடமே வந்து ஒருத்தி, "புஷ்பம் போயிருச்சாமே, நெசமாங்க?" என்று கேட்டாள். நான் மாஸ்க் போட்டிருந்தேன், உடம்பும் பாதியாக இளைத்திருந்தது, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆமாங்க, தங்கமான மனுசி" என்றேன். அவளும் "ச்சு" கொட்டிவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் எழுதச் சொன்னது நிரோஷா மிஸ். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. டவுன் கிளினிக்கில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவருடைய வேலை. "நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க அக்கா, படிக்கிற பொம்பளைங்களுக்குப் பயம் கொறையும்" என்றார். குறையுமா கூடுமா, எனக்குத் தெரியாது. ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

பதினாறு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். ஓ.எல். வரை படித்தேன், கணக்கில் கோட்டை விட்டேன். போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு செய்ய ஆட்கள் வந்தார்கள். தோட்டத்து மக்களுக்கு எச்.ஐ.வி. வரும் ஆபத்து எவ்வளவு, யார் இரத்தம் சோதித்துப் பார்க்கிறார்கள், யார் பார்ப்பதில்லை, ஏன் பார்ப்பதில்லை என்பதுதான் அவர்கள் ஆய்வு. ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில், பெண்களில் சிலர் அரபு நாட்டில், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. இப்படிப்பட்ட இடம் என்பதால் எங்களைத் தேடி வந்தார்கள். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளில், லயம் லயமாகப் போய்க் கேள்வி கேட்க வாயுள்ள ஒரு பெண் வேண்டும் என்றார்களாம். தோட்டமே ஒரே குரலில் என்னைக் கை காட்டியது.

இருபத்துநான்கு கேள்விகள். கேட்பதற்கு முன் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. உடம்பைக் காவல் காக்கும் அணுக்களைத்தான் அது தேடித் தேடி அழிக்கும். காவல் போனபின் வேறு நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பிடித்துக்கொள்வதுதான் எயிட்ஸ். உடலுறவால், இரத்தத்தால் பரவும். கருவிலும் தாய்ப்பாலிலும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். தொட்டால் வராது, கொசு கடித்தால் வராது. உறை போட்டால் தடுக்கலாம், மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். இதை வாசல் வாசலாக ஆறு வாரம் ஒப்பித்தேன். என் பிள்ளை இடுப்பில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, "எச்சை வீ, எச்சை வீ" என்று பாடத் தொடங்கிவிட்டாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாவது கேள்வியை நான் எந்த வீட்டிலும் கேட்கவில்லை. உறவு வைத்த ஆள் ஆணா, பெண்ணா என்பது அந்தக் கேள்வி. வெட்கம். முகத்தைப் பார்த்து நானே ஒன்றில் சரி போட்டுவிடுவேன். இன்னொன்று, என் வீட்டுக்காரர் செல்வம் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். அவருடைய தாளை நானே கட்டிலில் உட்கார்ந்து நிரப்பினேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஐந்து நிமிடத்தில் உத்தம புருஷனாக்கிவிட்டேன்.

கேள்வி முடிந்த பிறகு பரிசோதனை. அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், வியாழக்கிழமை வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்திய நாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குக் கூடி நிற்கும்போது, அவர்கள் தந்த அறிவித்தலை நான் வாசித்தேன். "எவருடைய பெயரும் பதிவுசெய்யப்படமாட்டாது" என்று இருந்தது. யாருடைய சோதனை என்று வெளியே தெரியாமல் இருக்க வெறும் இலக்கம்தான் போடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த எழுத்துத் தமிழ் ஏறாதே என்று, நான் புத்திசாலியாக அதை உடைத்துச் சொன்னேன்: "யாருக்கும் பேர் இல்லீங்க! தைரியமா வாங்க!"

வியாழக்கிழமை ஒரு குருவிகூட வரவில்லை. நிரோஷா மிஸ்ஸும் தாதியும் பகல் வரை உட்கார்ந்து பிள்ளைகளுக்கு யானை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கமலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, ஒங்களுக்கெல்லாம் நல்லது சொன்னா ஏறாதா?"

"நீதானே சொன்ன பேர் இல்லன்னு? பேர் இல்லாம எவ வருவா? மலைக்குப் போனா முழுப் பேர் கெடைக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர், பாதியில் வந்தால் அரைப் பேர். பதினாறு வருடம் பேருக்காக மலையேறியவள் நான். ஆறு வாரம் கையில் பேனா பிடித்ததும் அது மறந்துபோனது. தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

மறுநாள் நானும் நிரோஷா மிஸ்ஸும் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போய் நின்றோம். பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு அரைப் பேர் தர அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கணக்கப்பிள்ளை கையை விரித்தார். "பேர் போடணும்னா ஆளோட பேர எழுதணுமே, யார் யார் ரத்தம் குடுத்தான்னு எனக்குத் தெரியணுமே?" என்றார். பேர் எழுதாமல் பேர் கொடுப்பது எப்படி? அரை நாள் இதிலேயே போனது. கடைசியில், வாசலுக்குள் நுழைகிற எல்லாருக்கும் அரைப் பேர், உள்ளே போய்ச் சோதித்தாலும் சரி, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாலும் சரி என்று முடிவானது. கணக்கப்பிள்ளை கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும்.

அடுத்த வியாழன் முப்பதுக்கு மேல் பெண்கள். வந்தவர்கள் வந்ததுதான், திரைக்குப் பின்னால் போக ஒருத்தி அசையவில்லை. கமலம் எல்லாருக்கும் கேட்கும்படி, "வீடு வீடா வந்து எங்களுக்குச் சொன்னீல்ல? நீ போ மொதல்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, இருமிக்கொண்டே எழுந்து போனேன். அந்த இருமல் அப்போது மூன்று வாரமாக இருந்தது.

விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், ஒரு சின்னப் பட்டை. பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் கிருமியின் அடையாளம் இல்லை. இரண்டு வந்தால் 'ரியாக்டிவ்', அதாவது ஏதோ தெரிகிறது, உறுதிப்படுத்த இன்னும் சோதிக்க வேண்டும். நிரோஷா மிஸ்ஸிடம் கொழுந்து விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, ரெண்டு கோடு."

அவர் அதன் பிறகு சொன்னதெல்லாம் நானே ஊருக்குச் சொன்ன பாடம். ஒரு சொல்கூட எனக்குள் போகவில்லை. என் மனசில் ஓடியது ஒன்றுதான். அன்று காலை ஆறு மணிக்கு என் மகள் சஸ்மிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டே முக்கால் வயது. சோறு தின்கிற பிள்ளைதான், ஆனாலும் காலையும் மாலையும் பால் வேண்டும் அவளுக்கு. அவள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் என் இரத்தம் பார்த்தார்கள். அப்போது ஒன்றும் இல்லை, அட்டையில் இருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்தது. அதற்குப் பிறகு கொடுத்த பாலெல்லாம்?

"மிஸ், எம் புள்ள பால் குடிக்குதே" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"இன்னைக்கிலேர்ந்து குடுக்காதீங்க அக்கா. புள்ளைக்கும் பாத்துருவோம். பால் குடிச்ச எல்லாப் புள்ளைக்கும் வர்றதில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏன்டி இம்புட்டு நேரம்?" என்று கமலம் கேட்டாள். "ரத்தமே வரலடி, ரெண்டு மூணு தடவ குத்துனாங்க" என்றேன். குத்துக்குப் பயந்து இரண்டு பேர் நழுவிவிட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். யாருக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் நான் உள்ளே இருந்த நேரத்தை வெளியே இருந்தவர்கள் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை டவுன் கிளினிக்கில் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குப் போனேன். படியேறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் என் விரலில் ஒரு கிளிப் மாட்டினார். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது காட்டுமாம். எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருகிறேன் என்றேன். "வீட்டுக்கு இல்ல, வார்டுக்கு" என்றார். அப்படியே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். காலில் ஒரே ஒரு செருப்புத்தான் இருந்தது, மற்றது படியில் கிடந்தது.

எனக்கு வந்திருந்தது ஒரு வகை நியூமோனியா. காவல் அணுக்கள் நன்றாக இருக்கும் வரை சும்மா கிடக்கும் ஒரு பூஞ்சைக் கிருமி, காவல் இறங்கியதும் நுரையீரலில் ஏறிவிடுகிறது. அந்தக் காவல் அணுக்களை எண்ணிச் சொல்லும் சோதனைக்கு சி.டி.4 என்று பெயர். எனக்கு எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவு. சிலருக்கு இந்த நிலை வரப் பத்து வருடம் எடுக்கும், சிலருக்கு இரண்டு மூன்று வருடத்திலேயே வந்துவிடும் என்றார் டொக்டர். எனக்கு எதிலும் அவசரம்தானே. அதற்கு முந்திய வருடம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து காவி பூசிக்கொண்டு திரிந்தேன், அதுகூட ஓர் அறிகுறியாக இருந்திருக்கலாமாம். முதலில் நியூமோனியாவுக்குப் பெரிய வெள்ளை மாத்திரைகள், மூன்று வாரம். இரண்டு வாரம் கழித்து எச்.ஐ.வி. மாத்திரை, அது சாகும்வரை தினமும்.

முதல் நான்கு நாள் மூக்கில் ஒட்சிசன் குழாய். மூச்சு முட்டும்போது வரும் பயம் வேறு எந்தப் பயம் போலவும் இல்லை. அது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு, வேறெதையும் நினைக்க விடாது. மூச்சு கொஞ்சம் சீரானால் போதும், உடனே பிள்ளை ஞாபகம். இரண்டாம் நாளிலிருந்து மார் கட்டிக்கொண்டது. கல் மாதிரி. சட்டை நனைந்தது. கழுவும் தொட்டியில் போய் நின்று பிழிந்து ஊற்றினேன். பிள்ளை கேட்டு அழும் பாலை நானே தண்ணீரில் ஊற்றிக்கொண்டு நின்றேன். அப்போது அழுதது போல என் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. ஒரு சிங்களத் தாதி வந்து பார்த்தார். "கிரித?" என்றார். பாலா என்று அர்த்தம். தலையாட்டினேன். வெந்நீரில் துணி நனைத்துக் கொண்டுவந்து வைத்து, ஒரு பெரிய பண்டேஜால் மாரை இறுக்கிக் கட்டிவிட்டு, "பய வெண்ட எப்பா, அக்கே" என்று முதுகைத் தடவினார். பயப்படாதே அக்கா. என் நோய் விவரம் எழுதியிருந்த டிக்கட்டை வாசித்தவர்தான். கையுறைகூடப் போடாமல் தடவினார்.

பக்கத்துக் கட்டிலில் சோமா அக்கா, சுவாச நோய்க்காரி, கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம். அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி. என்ன நோய் என்று கேட்டார், நியூமோனியா என்றேன். பொய் இல்லையே. குளிக்காமல் சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வாரிப் பின்னிவிட்டார். மற்றதைச் சொல்லியிருந்தால் வாரியிருப்பாரா என்று அந்தப் பகல் முழுக்க நான் யோசித்துக்கொண்டேயிருந்தேன். நல்லதை அனுபவிக்கக்கூட விடாத நோய் இது.

நாத்தனார் பவானி, செல்வத்தின் தங்கச்சி, எங்கள் லயத்திலேயே இரண்டு வாசல் தள்ளி இருக்கிறாள். சஸ்மியை அவள்தான் வைத்திருந்தாள். புதன்கிழமை பார்க்க வந்தாள். பிள்ளையின் இரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு அவள்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

"புள்ளைக்கு எதுக்கு அண்ணி ரத்தம்? அது நல்லாத்தானே ஓடியாடித் திரியுது?"

சொன்னேன். குரல் வெளியே போகாமல் அவள் காதோடு சொன்னேன். பவானி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அண்ணனா?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "புள்ளைய நான் பாத்துக்கிறேன் அண்ணி. எவகிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றாள். கடைசிவரை விடவில்லை, அதை எழுதத்தான் வேண்டும். தோட்டத்தில் பேச்சு கிளம்பியது அவளால் இல்லை.

குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் டீக்கடை. மாடி ஜன்னலில் நின்றால் அது நன்றாகத் தெரியும். பவானி பிள்ளையோடு வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். நான் எட்டிப் பார்த்ததும் சஸ்மியைத் தூக்கி பிஸ்கட் டின் மேல் நிற்க வைத்து, "அந்தா பாரு மகள், உம்மா!" என்று என்னைக் கை நீட்டிக் காட்டினார். அவளுக்கு எல்லா ஜன்னலும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். வேறு எங்கேயோ பார்த்துக் கையாட்டினாள். கையில் பாதி கடித்த பனிஸ் ரொட்டி. நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, கடவுளே, என்னை எடுத்துக்கோ, அதை விட்டுரு என்று வேண்டினேன். தோட்டத்துச் சாமி ரோதமுனி, மாரியாத்தா, மாதா, எல்லாரையும் கூப்பிட்டேன். யாரையும் விட்டுவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் வந்தார். தோடம்பழம், ஹோர்லிக்ஸ், புதுச் செருப்பு ஒரு சோடி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தோடம்பழத்தை உரித்து, நாரைக்கூட எடுத்துச் சுளை சுளையாக என் கையில் வைத்தார். நிரோஷா மிஸ் போனில் அவரை இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார், ஆகவே விஷயம் தெரியும். எனக்கு அந்தச் சுளைகளை அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. பக்கத்தில் சோமா அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்க தாள நானே நெரப்பிட்டேன். இப்ப நான் கேக்குறேன், நீங்களே பதில் சொல்லுங்க" என்றேன். இருபத்துநான்கும் எனக்கு மனப்பாடம். "கேள்வி பதினொன்று. கடந்த பன்னிரண்டு மாதங்களில் வாழ்க்கைத்துணை அல்லாத எவருடனாவது நீங்கள் உடலுறவு கொண்டீர்களா?"

"பன்னெண்டு மாசத்துலயா?"

"ஏன், பதிமூணாவது மாசம்னா சும்மாவா?"

அவர் உரித்த தோலை மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நீ மாசமா இருந்தப்ப தொடங்குனது. புள்ள பொறந்தப்புறமும் கொஞ்ச காலம். பொறகு விட்டுட்டேன், புஷ்பம். சத்தியமா விட்டுட்டேன்."

நான் அடுத்த கேள்விக்குத் தாவினேன். பழக்க தோஷம். "கேள்வி பதின்மூன்று" என்றேன்.

"பன்னெண்ட விட்டுட்டியே" என்றார். வீட்டுக் கட்டில் மேல் கிடந்த தாள்களை அவர் வந்திருந்தபோது வாசித்திருக்கிறார். அவரே சொன்னார். "ஆம்பள. எங்கூட ரூம்ல இருந்தவரு."

எனக்குக் கோபம் வந்தது அவர் பொய் சொன்னதால்தான், அது ஆணென்பதால் இல்லை என்று இன்றைக்கு நியாயமாக எழுதலாம். அன்றைக்கு அதனாலும்தான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுதமாட்டேன். அவர் குனிந்த தலையோடு மீதியையும் சொன்னார். கொழும்பில் இலவசமாக இரத்தம் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். ஒரு தடவை வாசல் வரை போயும் இருக்கிறார். உள்ளே இருந்து தெரிந்த ஆள் ஒருவர் வந்தாராம், திரும்பிவிட்டாராம். ஒரு நிமிடம் தாமதித்துப் போயிருந்தால்? இன்னும் என்னால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் நான் அன்று அந்தப் பன்னிரண்டாவது கேள்வியை வீடு வீடாகக் கேட்டிருந்தால், யாராவது ஒருத்தன் வாய் திறந்திருப்பானோ என்றும் நினைத்துக்கொள்கிறேன். எழுந்து போகும்போது, "புள்ளைக்கு இருக்காதுல்ல புஷ்பம்?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் அழுதார். மறுநாள் அவருக்கும் இரண்டு கோடு வந்தது.

பிள்ளையின் விரலில் குத்திய சோதனையில் ஒரு கோடுதான். நான் துள்ளி எழுந்தேன். நிரோஷா மிஸ் என்னை உட்கார வைத்தார். கிருமி போன புதிதில் அந்தப் பட்டையில் தெரியாதாம். கடைசிப் பால் எப்போது கொடுத்தோமோ, அதிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம் சொல்ல முடியும். நடுவில் கிருமியையே நேராகத் தேடும் ஒரு சோதனைக்கு இரத்தம் கொழும்புக்குப் போகும். பெயர் இல்லை, இலக்கம்தான். பிள்ளையின் குட்டிக் கையில் ஊசி தேடியபோது அவள் கத்திய கத்தலை மறக்க முடியாது. கொழும்பு முடிவு இரண்டு வாரத்தில் வந்தது, இல்லை என்று. ஆனால் கடைசிச் சோதனை வரை காத்திருக்க வேண்டும்.

இருபத்துமூன்றாம் நாள் துண்டு வெட்டினார்கள், அதாவது வீட்டுக்குப் போகலாம். சோமா அக்கா எனக்கு முன்பே போய்விட்டிருந்தார், ஒரு பை நிறையக் கரட் அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சஸ்மி ஓடி வந்து மடியில் ஏறிச் சட்டையை இழுத்தாள். "பால காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்றேன். வாசலில் போய் நின்று கூரையெல்லாம் காக்காவைத் தேடினாள். மூன்று நாள் தேடினாள், நான்காம் நாள் மறந்துவிட்டாள்.

மலைக்குப் போக எனக்கு இன்னும் தெம்பில்லை. கமலம் ஒரு நாள் முருங்கைக்கீரை கொண்டுவந்து வாசலிலேயே என் கையில் கொடுத்தாள், உள்ளே வரவில்லை. குழாயடிக்கு நான் போனால் வரிசை விலகும். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். மாத்திரை தினமும் ஒன்று, பவானி போனில் மணி வைத்துக் கொடுத்தாள். ஒழுங்காகப் போட்டால் இரத்தத்தில் கிருமி எண்ணிக்கை கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கும், இறங்கினால் உறவால் மற்றவருக்கும் பரவாது. இது அறிவியல், ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. செல்வம் கொழும்பில் அதே மாத்திரையைப் போடுகிறார். மாதம் ஒரு தடவை வருகிறார், பிள்ளையோடு விளையாடுகிறார். நானும் அவரும் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

பவானி வீட்டில்தான் மூன்று வேளையும் எங்களுக்குச் சாப்பாடு. ஒரு முகச்சுளிப்பு இல்லை, ஒரு சொல் இல்லை. ஆனால் ஒரு நாள் அவள் அடுப்படியில் பார்த்தேன். மற்றக் கோப்பைகளெல்லாம் தட்டில் கவிழ்ந்திருக்க, சஸ்மியின் பச்சை பிளாஸ்டிக் கோப்பையும் என் சில்வர் டம்ளரும் மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தன. எனக்கானது எனக்கு வலிக்கவில்லை. பிள்ளையினுடையதுதான் வலித்தது. எதுவும் கேட்கவில்லை. அவள் இல்லாவிட்டால் பிள்ளை எங்கே போயிருக்கும்? அன்றிலிருந்து நான் மூன்று மாதத்தை நாள் நாளாக எண்ணினேன்.

அந்த நாளும் வந்தது. கிளினிக்கில் நிரோஷா மிஸ் சஸ்மியைத் தன் மடியில் வைத்துக்கொண்டே பட்டையை எனக்குக் காட்டினார். ஒரே கோடு. அவர், "இல்ல அக்கா, புள்ளைக்கு இல்ல, இனிப் பயமே வேணாம்" என்று சொல்லி முடிக்கவில்லை, நான் போட்ட கூச்சலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று வெளியிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். செல்வத்துக்குப் போன் போட்டேன். "இல்லியாம்" என்றேன்.

பவானி வாசலிலேயே நின்றிருந்தாள். சொன்னதும் பிள்ளையை வாரி எடுத்து, முகமெல்லாம் முத்தம் கொடுத்து, "என்னைய மன்னிச்சுக்கடி தங்கம்" என்று விம்மினாள். உள்ளே போய் அந்தப் பச்சைக் கோப்பையை எடுத்துக் கொல்லைப் பக்கம் வீசினாள். நல்ல பூப்போட்ட கோப்பைகளை எடுத்து டீ ஊற்றினாள், தனக்கொன்று, சஸ்மிக்கொன்று. எனக்கு டம்ளரில். மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். நான் நடந்ததைச் சொன்னேன், பட்டையைச் சொன்னேன், கூச்சல் போட்டதைச் சொன்னேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கேட்டாள். பேச்சில் நான் டீயைப் பாதி குடித்து மறந்துவிட்டேன்.

சஸ்மி தன் கோப்பையைத் தள்ளிவிட்டு வந்து என் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தாள். பவானியின் கை சட்டென்று நீண்டது. டம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. நான் அவளைப் பார்த்தேன்.

"சூடா இருக்கும்னுதான் அண்ணி" என்றாள்.

டீ ஆறி அரை மணி நேரமாகியிருந்தது.